7919 பேரின் தாகம்

ஒரு காட்டில் மழை பொய்த்த வருஷம், குடிப்பதற்கு ஒரே ஒரு குளம்தான் மிஞ்சியது. அதற்குக் கதவு போட்டு, தாண்டவராயர் என்கிற காட்டுப்பன்றியை அதிகாரியாக உட்கார வைத்தார்கள். அவர் படிவத்தைப் பார்த்து வாசித்தார்:

"எல்லா வரிசையிலும் தலை எண்ணிக்கை சமமாக இருந்தால்தான் கதவு திறக்கும். ஒரே வரிசையாக நிற்கக் கூடாது. வரிசைக்கு ஒருத்தர் என்றும் நிற்கக் கூடாது. வேறு வழியாகக் குளத்துக்குப் போனால் பட்டியலில் பெயரை அடித்துவிடுவேன்."

பட்டியலில் 7919 பேர். இரண்டிரண்டாக நின்றார்கள்; ஒருவர் மிஞ்சினார். மும்மூன்றாக நின்றார்கள், இருவர் மிஞ்சினார்கள். ஐந்தைந்தாக நின்றால் நால்வர். கலைந்து கலைந்து நின்றதில் மூன்று நாள் போயிற்று. குட்டிகளுக்கு நாக்கு வெளியே தள்ளியது.

கோமளம் என்ற தேவாங்குக்குக் கணக்கென்றால் உயிர். மணலில் சுள்ளியால் வகுத்து வகுத்துப் பார்த்துவிட்டு அதிகாரியிடம் போனாள்.

"ஐயா, இது பகா எண். எதாலும் வகுபடாது. எண்பத்தெட்டு வரைக்கும் பார்த்துட்டேன்."

"அதுக்கு மேலே?"

"பார்க்க வேண்டியதில்லீங்க. எண்பத்தொன்பதை எண்பத்தொன்பதால பெருக்கினா நம்ம தொகையைத் தாண்டிடுது. நீங்களும் வந்து நின்னா 7920. எண்பது வரிசை, வரிசைக்குத் தொண்ணூற்றொன்பது பேர். கச்சிதமா நிக்கலாம்."

"நான் அதிகாரி. நான் எண்ணுவேன், என்னை எண்ணக் கூடாது."

கூட்டத்திலிருந்து ஒரு மந்தி கத்தியது: "ஒருத்தர் குறைஞ்சாலும் சரியா வருமா?"

"வருமே! 7918. இரண்டிரண்டா நிக்கலாம்" என்று கோமளம் ஆசையாகச் சொன்னாள். சொன்ன பிறகுதான் எல்லாருடைய கண்ணும் தன்மேல் இருப்பதைக் கவனித்தாள்.

"கண்டுபிடிச்சது நீதானே, நீயே போ" என்றது மந்தி. தாண்டவராயர் அவள் பெயரை அடித்தார்.

கோமளம் அழுதுகொண்டே கால் போன போக்கில் நடந்தாள். ஓரிடத்தில் காலில் ஈரம் பட்டது. நிமிர்ந்தால், குளத்தின் பின்கரை! கதவு முன்பக்கம் மட்டும்தான். பின்னால் ஒரு முள் வேலிகூட இல்லை. 'தொட்டால் பெயரை அடிப்பார்களே' என்று பயந்தாள். அடித்தாகிவிட்டது என்பது நினைவுக்கு வந்தது. வயிறு முட்டக் குடித்தாள்.

எதிர்க்கரையில் இரண்டிரண்டாக எண்ணிக்கொண்டே வந்த தாண்டவராயர் கடைசியில் நின்றுவிட்டார். ஒற்றையாக ஒரு மான்குட்டி, உடம்பு காயாமல், அப்போதுதான் பிறந்து நின்றது. அவர் அதன் பெயரைப் பொறுப்பாகப் பட்டியலில் சேர்த்தார்.

"7919. கலைஞ்சு நில்லுங்க! இந்தத் தடவை ஏழேழா!"

"இங்கே வேலியே இல்லை, சுத்தி வாங்க!" என்று கோமளம் தொண்டை கிழியக் கூப்பிட்டாள்.

"சும்மா இரும்மா" என்றது மந்தி, வறண்ட உதட்டை நக்கியபடி. "எங்களுக்கெல்லாம் பட்டியல்ல பேர் இருக்கு."

நீதி: வகுபடாத கூட்டத்தில் மீதியாகிப் போவதே மேல், பெயர் போனாலும் தாகம் தீரும்.