இந்த முகவரியில் நான் இல்லை

பொய் சொல்லி வேலையைத் தொலைத்தவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். உண்மையைச் சொல்லித் தொலைக்கப் பார்த்தவள் நான். அதற்கு எங்கள் அப்பாவே சாட்சி. எனக்கு எதிரான சாட்சி.

அப்பா ஓய்வுபெற்ற ஏட்டு. சர்வீஸில் பாதியைக் குற்றாலத்தில் சீசன் பந்தோபஸ்திலேயே கழித்தவர். அருவியில் தலையை நீட்டும் கூட்டத்தில் எவன் செயின் திருடன் என்று பார்த்துப் பார்த்து, ஒரு மனுஷனைச் சாதாரணமாகப் பார்ப்பதே மறந்துவிட்டது. “குளிக்க வந்தவன்லாம் குளிக்கத்தான் வந்தான்னு நீ எப்படி நம்புத?” என்பார். (பால்காரர் அரைமணி நேரம் முன்னால் வந்தால்கூட எழுதி வாங்காத குறைதான்.)

கொரோனா வந்ததும் சென்னையில் என் ஹாஸ்டலை மூடிவிட்டார்கள். தென்காசிக்கு வந்து மாடி அறையில் லேப்டாப்பை விரித்தேன். கம்பெனியிலிருந்து முதல் மெயில் வந்தது: எல்லோரும் வீட்டிலிருந்து வேலை பார்க்கவும். சந்தோஷம். பத்தே நாளில் இரண்டாவது மெயில். வீடு என்றால் பதிவேட்டில் உள்ள முகவரி மட்டுமே. அனுமதியில்லாமல் ஊரை விட்டுப் போனவர்கள் மீது நடவடிக்கை. கடைசியில் மட்டும் ஒரு வரி: எல்லோரும் இருப்பிடப் படிவம் அனுப்ப வேண்டும், போனவர்கள் அதில் தாங்களாகவே தெரிவித்தால் பரிசீலிக்கப்படும்.

அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மூன்று தடவை படித்தார்.

“ஏட்டி, இது பொறி. வந்து ஒத்துக்கோ, விட்டுருதோம்னு நானே எத்தன பேர்ட்ட சொல்லிருக்கேன் தெரியுமா?”

“விட்டீங்களாப்பா?”

“எங்க விட்டேன்!”

எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. இந்த வேலை போனால் ஆலங்குளத்து மாப்பிள்ளை பேச்சு மறுபடியும் கிளம்பும். அம்மா என் ஜாதகத்தை பீரோவில் கைக்கு எட்டுகிற தட்டிலேயே வைத்திருந்தாள். ஆகவே படிவத்தில் சென்னை ஹாஸ்டல் முகவரியையே போட்டேன். அப்பா வீட்டில் எல்லோருக்கும் உத்தரவு போட்டார் (எல்லோரும் என்றால் அம்மா ஒருத்திதான்): “யார் வந்து கேட்டாலும் அவ மெட்ராஸ்ல இருக்கா. முகத்துல சிரிப்பு வரப்படாது.”

ஆனி பிறந்து சாரல் பிடித்துக்கொண்டது. மாடித் தகரத்தில் ஓயாத சத்தம். “அங்க என்ன சத்தம்?” என்றார் மேனேஜர். “ஏசி சார்” என்றேன். என் ஹாஸ்டலில் மின்விசிறியே ஒழுங்காக ஓடாது. கேமராவில் தெரியாமல் இடுப்புக்குக் கீழே போர்வையைச் சுற்றிக்கொண்டு, “ஏசி போட்டும் ஒரே புழுக்கம் சார்” என்று நோட்டால் விசிறி வேறு காட்டினேன்.

ஆவணியில் மூன்றாவது மெயில். சென்னையில் இருப்பவர்கள் திங்கட்கிழமை முதல் அலுவலகம் வர வேண்டும். சொந்த ஊரில் இருப்பவர்கள் அங்கேயே தொடரலாம், முகவரி நேரில் சரிபார்க்கப்படும். இரண்டிலும் சேராதவர்கள் வேலையை விட்டதாகக் கருதப்படுவார்கள்.

அடப்பாவிகளா! அன்றைக்கே ஒத்துக்கொண்டவர்கள் நிம்மதியாக இருக்க, ஒளிந்திருந்த நான் மாட்டிக்கொண்டேன். அவசர அவசரமாக முகவரியைத் தென்காசிக்கு மாற்றி அனுப்பினேன். அப்பாவிடம் மூச்சு விடவில்லை. சொன்னால், யார் மாத்தச் சொன்னா, ஏன் மாத்துன என்று இரண்டு நாள் விசாரணை நடக்கும். (இதைப் புத்திசாலித்தனம் என்று வேறு நினைத்துக்கொண்டேன்.)

புதன்கிழமை காலை எச்.ஆர். மேடம் திரையில் வந்தார்.

“போன மாசம் வரைக்கும் சென்னையில ஏசி ஓடிச்சு. இப்ப தென்காசின்னா எப்படிங்க நம்புறது?”

“சத்தியமா மேடம். அப்பா அம்மாவோடதான் இருக்கேன்.”

சொல்லி வாயை மூடவில்லை, கீழே வாசலில் அப்பாவின் ஸ்டேஷன் குரல் கேட்டது. என் ஜன்னலும் திறந்திருந்தது, மைக்கும் திறந்திருந்தது.

“யாரு நீ? இந்தத் தெருவுல மூணு தடவ வண்டியில போயிட்டு வந்தத பாத்துட்டுத்தான இருக்கேன்?”

“அட்ரஸ் சரிபாக்க வந்துருக்கேன் அண்ணாச்சி. உங்க மக இங்க இருக்காங்களா?”

“என் மக மெட்ராஸ்ல இருக்கா.”

“இங்க இருக்கதா எழுதிக் குடுத்துருக்காங்களே?”

“எவன் எழுதினான்? அவ இங்கன கால் வச்சே ஆறு மாசம் ஆச்சு. என் பொஞ்சாதியக் கேளு!”

அம்மா உத்தரவுப்படி சிரிக்காமல், “புள்ளையக் கண்ணுல பாக்காம ஏங்கிப் போயிருக்கேன் தம்பி” என்றாள். குரல் தழுதழுத்தது. என்னைப் பெற்றவளுக்குள் இப்படி ஒரு நடிகை இருந்தது எனக்கு அன்றுதான் தெரியும்.

எச்.ஆர். மேடம் கண்ணாடியைக் கழற்றினார். “யாரு பேசுறது?”

“டிவி மேடம்” என்று சொல்லிவிட்டுப் படியில் விழுந்தடித்து ஓடினேன்.

“அப்பா! நான் இங்கதான இருக்கேன்!”

அப்பா ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. வந்தவரிடம் திரும்பி, “இது என் சின்ன மக” என்றார். எனக்குக் கூடப்பிறந்தவர்கள் யாருமே கிடையாது.

அழுகை வந்துவிட்டது. “நான்தான்ப்பா அட்ரஸ மாத்துனேன். இவரு இல்லன்னு எழுதிட்டா வேலை போயிரும்ப்பா.”

அப்பாவின் முகம் வெளிறிவிட்டது. எத்தனையோ சாட்சிகள் பிறழ்ந்ததைப் பார்த்தவர், தானே பிறழ வேண்டியிருக்கும் என்று நினைத்திருக்க மாட்டார்.

“தம்பி, முன்னால சொன்னத அடிச்சிருங்க. இவதான் என் மக. ஒரே மக.”

“மொத மெட்ராஸ்னீங்க, அப்புறம் சின்ன மகன்னீங்க, இப்ப ஒரே மகங்கீங்க. நான் எத நம்பி எழுத அண்ணாச்சி?”

அப்பாவைப் பார்த்து ஒருவர் சந்தேகப்பட்டது அதுதான் முதல் தடவை. அம்மா கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு வந்தவர் எழுதிய அறிக்கையை மறுநாள் மேடம் எனக்கே படித்துக் காட்டினார்: “வீடு உள்ளது. மகள் இல்லை எனப் பெற்றோர் கூறினர். மகள் நேரில் வந்து, தான் இருப்பதாகக் கூறினார். தங்கை ஒருவர் இருப்பதாகத் தெரிகிறது.”

வேலை தப்பியது. ஆனால் எனக்கென்றே தனியாக ஒரு விதி போட்டார்கள். தினமும் காலை ஒன்பது மணிக்குள், அன்றைய நாளிதழோடும் அப்பாவோடும் வாசலில் நின்று படம் எடுத்து அனுப்ப வேண்டும். ஒன்றேகால் வருஷம் அனுப்பினேன். அப்பா விறைப்பாக நிற்பார், பக்கத்தில் நான் பேப்பரைப் பிடித்துக்கொண்டு. பார்க்கிறவர்களுக்கு என்னைக் கைது செய்து நிறுத்தியிருப்பதாகத்தான் தோன்றும்.

நடந்தது தெருவெல்லாம் பரவி ஆலங்குளம் வரைக்கும் போய்விட்டது. “பெரியவதான் வேலைய விடமாட்டேங்கா, சின்னவளையாவது குடுப்பீங்களா?” என்று தரகர் போன் பண்ணினார்.

இன்றைக்கும் வாசலில் மணி அடித்தால் போதும், அம்மா அடுக்களையிலிருந்தே கேட்பாள்: “ஏங்க, இன்னைக்கு உங்க மக இருக்காளா, இல்லையா?”

அப்பா சிரிக்கவே மாட்டார். “வந்தது யாருன்னு மொத பாரு” என்பார்.