மலையேற இரண்டு பச்சை மூங்கில்

ஒரே ஒரு புத்தகம் படித்துவிட்டுக் கடைக்குப் போகிறவனைப் போல ஆபத்தான பிராணி உலகத்தில் இல்லை. ஒன்றும் படிக்காதவன் கடைக்காரரிடம் யோசனை கேட்பான். நிறையப் படித்தவன் சந்தேகம் வந்து பாதி வழியில் திரும்பிவிடுவான். நான் படித்தது ஒன்று, அதிலும் பாதி. (மீதிப் பாதியை லைப்ரரியில் எனக்கு முன்பே கரையான் படித்து முடித்திருந்தது.)

ஐம்பதுகளின் கடைசியில் நான் பெங்களூரில் ஒரு தொழிற்சாலை ஆபீசில் குமாஸ்தா. எனக்குப் பேசிக்கொண்டிருந்த பெண் சுகுணா, பள்ளிக்கூட டீச்சர். அவளை இரண்டே தடவைதான் பார்த்திருந்தேன். இரண்டாவது தடவைக்குப் பிறகு ஆபீஸ் கணக்கில் கூட்டலும் கழித்தலும் இடம் மாறத் தொடங்கியிருந்தன.

அவள் அப்பா சபாபதி, சர்வே ஆபீசில் வரைபடம் போடுகிறவர். வாரமெல்லாம் மலைகளைக் காகிதத்தில் வரைந்துவிட்டு, லீவு நாளில் அவை அதே இடத்தில் இருக்கின்றனவா என்று நடந்து போய்ப் பார்த்துவிட்டு வருவார். அரைக்கால் சட்டை, கான்வாஸ் ஷூ, காக்கித் தொப்பி. அலசூரில் அவரைப் பார்த்துக் குரைக்காத நாய் கிடையாது.

அவருக்கு ஜாதகத்தில் நம்பிக்கை இல்லை. "கட்டத்துல என்ன தம்பி தெரியும்? நடக்க விட்டாத்தான் ஆள் தெரியும்," என்றார். நந்தி மலையில் ஆரம்பித்து, பக்கத்து மலைகளையும் ஏறி இறங்கி, மூன்று நாள் நடை. நானும் கூடப் போக வேண்டும். கடைசி மலையிலிருந்து இறங்கிய பிறகு பெண்ணைக் கொடுப்பதா இல்லையா என்று சொல்வார். அதற்கு ஒரு நுழைவுத் தேர்வும் வைத்தார். இரண்டு பேருக்கும் ஊன்றுகோல் பார்த்து வாங்குவது என் பொறுப்பு. கோலைப் பார்த்தாலே வாங்கினவன் லட்சணம் தெரிந்துவிடுமாம்.

நான் நேராக லைப்ரரிக்குப் போய், மலையேற்றம் பற்றி ஒரு வெள்ளைக்காரர் எழுதிய அந்தப் புத்தகத்தை எடுத்தேன். கோல் ஆளைவிட நீளமாக இருக்க வேண்டும், மலையடிவாரத்தில் உயரம் பார்த்து அறுத்துக்கொள்ளலாம் என்றது. வளைய வேண்டும், முறியக்கூடாது. ஆஷ் மரம் உத்தமம் என்றது. அப்படி ஒரு மரத்தைக் கன்டோன்மென்டில் யாரும் கேள்விப்பட்டிருக்கவில்லை. வளைந்தும் முறியாதது என்றால் எனக்குத் தெரிந்து பச்சை மூங்கில்தான். கோல் விஷயத்தில் பேரம் பேசுகிறவன் பள்ளத்தில் விழுவான் என்றும் எழுதியிருந்தார். உள்ளங்கால் உரம் ஏறச் செருப்பில்லாமல் நடந்து பழக வேண்டுமாம். படங்களில் இருந்த மலையேறிகள் அத்தனை பேருக்கும் தாடி இருந்தது. அதையும் ஒரு நிபந்தனையாகவே எடுத்துக்கொண்டேன்.

ஆக, இரண்டு வாரத் தாடியும் வெறுங்காலும் தோளில் ஒரு துண்டுமாக, கிளம்புவதற்கு முதல் நாள் காலை மூங்கில் பஜாரில் கடை திறக்கும்போதே போய் நின்றேன். பச்சை மூங்கில், ஒரே நீளத்தில் இரண்டு வேண்டும் என்றேன். கடைக்காரர் வாயிலிருந்த பீடியைக் கீழே போட்டுவிட்டு எழுந்து நின்றார். ஆபீசில் எனக்காக யாரும் எழுந்து நின்றதில்லை.

"யாருக்கு சாமி?"

"மாமனாருக்கு." (ஆகப்போகிறவர் என்பதை வேண்டுமென்றே விட்டுவிட்டேன். ஒரு தடவை வாயாரச் சொல்லிப் பார்க்க ஆசை.)

"எத்தினி உசரம்?"

இவரும் அந்தப் புத்தகம் படித்திருப்பார் போலிருக்கிறதே என்று வியந்தேன். "ஆறடிக்குக் கொஞ்சம் கம்மி. கனத்த உடம்பு. தாங்கணும்."

"அதெல்லாம் தாங்கும் சாமி. நம்ம கடை மூங்கிலைப் பத்தி இதுவரைக்கும் யாரும் வந்து கொறை சொன்னதில்ல."

கேட்ட விலையை அப்படியே கொடுத்தேன். அவர் கண் கலங்கிவிட்டது. (பேரம் பேசாத ஆளைக் கண்டால் வியாபாரிக்கு வரவேண்டிய உணர்ச்சிதான் என்று நினைத்தேன்.) பஸ்ஸில் ஏற்ற முடியாத நீளம் என்பதால் அலசூர் விலாசத்தைச் சொல்லி, வீட்டில் சேர்த்துவிடச் சொன்னேன். மற்றதையெல்லாம் தானே பார்த்து அனுப்பிவிடுவதாகச் சொன்னார். மற்றது என்றால் அடியில் மாட்டுகிற இரும்புப் பூணாக இருக்கும். நான் இப்போது ஆபீசுக்குப் போகிறேன் என்று தெரிந்ததும் என்னை ஏற இறங்கப் பார்த்து, கைகூப்பி அனுப்பி வைத்தார்.

சாயங்காலம் ஆபீஸ் விட்டதும், பரீட்சை முடிவு பார்க்கிற ஆவலோடு அலசூர் போனேன். தெருமுனையிலேயே கூட்டம். சபாபதி வீட்டு வாசலில் பெஞ்சு போட்டிருந்தது. உள்ளிருந்து அவர் மனைவியின் அழுகைச் சத்தம் கேட்டது. வாசலில் பாடை கட்டி, வைக்கோல் பரப்பித் தயாராக இருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் கையில் மாலையோடு நின்றிருந்தார். சபாபதி லீவு போட்டுவிட்டு, நாளைய நடைக்குப் பழகிக்கொள்ளக் காலையில் ஹெப்பாள் பக்கம் நடந்து போனாராம், போன இடத்தில் போய்விட்டாராம், ஆஸ்பத்திரியிலிருந்து உடம்பு வரவேண்டியதுதான் பாக்கியாம்.

சாக்கடை ஓரத்துக் கல்லில் உட்கார்ந்து அழுதேன். குலுங்கிக் குலுங்கி அழுதேன். துக்கம் நடந்த வீட்டில் ஒரு வருஷத்துக்கு நல்ல காரியம் கிடையாது. அந்த ஒரு வருஷத்துக்குள் ஒழுங்காகச் சவரம் செய்த எவனாவது வந்து சுகுணாவைக் கேட்காமலா இருப்பான்?

யாரோ பக்கத்தில் வந்து நின்று, மெல்லிய குரலில் விசாரித்தார். "யாரு தம்பி போனது?"

முகத்தைத் துண்டில் புதைத்தபடியே சொன்னேன். "சபாபதி சார்."

"எந்த சபாபதி?"

"சர்வே ஆபீஸ் சபாபதி சார்தான்."

"எப்படிப்பட்ட மனுஷன்?"

"நல்லவர்தான் சார். கொஞ்சம் கிறுக்கு. நடந்தே செத்துட்டார்."

மூக்கைத் துடைக்கத் துண்டை விலக்கியபோது முதலில் தெரிந்தது புழுதி படிந்த கான்வாஸ் ஷூ. அதற்கு மேல் முழங்கால். அதற்கும் மேலே பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அடுத்த சில நிமிஷங்கள் தெருவே அல்லோலகல்லோலப்பட்டது. சபாபதியின் மனைவி அழுதுகொண்டே வெளியே ஓடி வந்தார். கணவர் உயிரோடு நிற்பதைப் பார்த்ததும், அழுகையை நிறுத்தாமலே திட்டத் தொடங்கினார். சாப்பாட்டுக்குக்கூட வராமல் எங்கே போய்த் தொலைந்தீர்கள் என்று கேட்டார். வெயில் தாழட்டும் என்று ஏரிக்கரையில் படுத்தவர் தூங்கிப்போயிருக்கிறார்.

"இதெல்லாம் யாரு அனுப்பினது?" என்று பாடையைக் காட்டிக் கேட்டார் சபாபதி.

"இதோ, இந்தத் தம்பிதான். மூங்கில், வைக்கோல், கயிறு, சட்டி, ஊதுவத்தின்னு ஒரு கைவண்டி நெறைய வந்து எறங்குது. மாப்பிள்ளை சொல்லி எடுத்தாந்தோம்மா, மனசைத் தேத்திக்கங்கன்னு வண்டிக்காரன் சொல்றான். நேர்ல சொல்ல மனசு வராம அனுப்பிட்டாரேன்னு நெனச்சேன். வேற என்னான்னு நெனக்கறது?" என்றார் அவர் மனைவி.

அப்போதுதான் அந்தப் பாடையைச் சரியாகப் பார்த்தேன். இரண்டு பக்கமும் என் மூங்கில். சாவு வீட்டிலிருந்து பச்சை மூங்கில் வாங்க வருகிறவனை இன்னின்ன வேண்டும் என்று பட்டியல் சொல்ல வைக்கக்கூடாது, மீதியைக் கடைக்காரரே சேர்த்து அனுப்பிவிட வேண்டும் என்பது பஜாரின் தர்மம். தாடியும் வெறுங்காலுமாக விடியற்காலையில் போய், மாமனாரின் உயரத்தையும் கனத்தையும் சொல்லி, பேரம் பேசாமல் கொடுத்துவிட்டு வந்தவனுக்கு அவர் வேறென்ன அனுப்புவார்?

சபாபதி பாடையை ஒரு சுற்று சுற்றி வந்தார். ஒரு மூங்கிலை அழுத்திப் பார்த்தார்.

"இதையா ஊணிக்கிட்டு மலை ஏறச் சொன்னே?"

புத்தகம், ஆஷ் மரம் என்று ஏதோ முனகினேன்.

"பச்சை மூங்கில் முழுக்கத் தண்ணி. ரெண்டாவது மலைக்குள்ள நான் நெசமாவே இதுமேல படுத்திருப்பேன்." கோல் பரீட்சையில் நான் பெயில் என்று தெரு முழுக்கக் கேட்கும்படி அறிவித்தார். பிறகு, "சரி, நீ எதுக்கு அப்படி அழுதே?" என்றார்.

பள்ளிக்கூடத்தில் ஆண்டுவிழா ஒத்திகை முடிந்து அப்போதுதான் வந்த சுகுணா, விஷயம் முழுதும் கேட்டுவிட்டு வாசற்படியில் நின்றுகொண்டிருந்தாள். பொய் சொல்ல நல்ல நேரம்தான். ஆனால் பாதிப் புத்தகம் படித்தவன் புத்தி அந்த நேரத்தில் வேலை செய்யவில்லை.

"ஒரு வருஷம் கல்யாணம் தள்ளிப் போயிடுமேன்னு சார்."

சுகுணா புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். சபாபதி கூட்டத்தைப் பார்த்தார்.

"இத்தனை பேர்ல இவன் ஒருத்தன்தான் சரியான காரணத்துக்கு அழுதிருக்கான்," என்றார். "நான் போனா தள்ளிப் போகும்னா, இருக்கறப்பவே முடிச்சுடறதுதான் புத்திசாலித்தனம். நடக்கறவனை நம்ப முடியாது."

மாலையை என்ன செய்வது என்று தெரியாமல் நின்ற பக்கத்து வீட்டுக்காரர், மாப்பிள்ளை என்பது நிச்சயமாகிவிட்ட சந்தோஷத்தில் அதை என் கழுத்தில் போட வந்தார். வருங்கால மாமியார் நடுவில் புகுந்து தடுத்தார்.

மூங்கிலைக் கடையில் திரும்ப எடுக்க மாட்டோம் என்றார்கள். இலவசமாகக்கூட யாரும் தொடவில்லை. மாமனார் அதை நான்காக அறுத்து வைத்தார். கல்யாணத்துக்குப் பிறகு அந்த மூன்று நாள் நடைக்குப் போனபோது, காப்பிக் கட்டையில் செய்த தன்னுடைய மெல்லிய கோலை வீசிக்கொண்டு அவர் முன்னால் நடந்தார். நாலு மூங்கிலையும் தோளில் வைத்துக்கொண்டு நான் பின்னால் போனேன். வழியில் எதிர்ப்பட்ட சிலர் ஒதுங்கி நின்று கும்பிட்டார்கள்.

மாமனார் இன்னும் நடக்கிறார். ஷூவை மாட்டிக்கொண்டு அவர் படியிறங்கும்போதெல்லாம் மாமியார் வாசல் வரை வந்து, நான் பக்கத்தில் இருக்கிறேனா என்று உறுதி செய்துகொண்டு, ஒன்றே ஒன்று கேட்பார்.

"மாப்பிள்ளைகிட்ட ஒண்ணும் வாங்கி அனுப்பச் சொல்லலையே?"