நடக்கிற வேகத்துக்கு ஒரு பிளக்கு

எனக்கு எழுபத்து நாலு வயசு. வளர்த்தது ஆறு பிள்ளைகள், ஆறும் நல்லபடியாக இருக்கிறது. அந்த ஆறும் சேர்ந்து பண்ணாத அழும்பை எங்கள் ஏரியூரில் ஒரே ஆளாகப் பண்ணியவர் பக்கத்து வூட்டுப் பிளக்குக்காரர். பெற்றவர்கள் வைத்த பேர் அவர் ரேஷன் கார்டில் மட்டும்தான் இருக்கும். நான் மூணாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். ஆனாலும் அவரைப் பற்றி என் கையால்தான் எழுதுவேன்.

அவரிடம் ஒரு பழைய பெட்ரோல் ஜீப்பு. கம்பெனிக்காரன் செய்து கொடுத்தது அவருக்குப் போதவில்லை. இன்ஜின் மண்டையைச் சீவி, பெரிய கார்ப்ரேட்டர் மாட்டி, ஏத்தத்தில் பஸ்ஸை முந்துகிற மாதிரி ஆக்கிவிட்டார். அன்றைக்குப் பிடித்தது, இன்ஜினுக்குள் பொறி தட்டுகிற ஸ்பார்க் பிளக்குப் பைத்தியம். எதைப் போட்டாலும் திருப்தி கிடையாது. கழற்றுவார், மோந்து பார்ப்பார், சம்சாரம் காவேரியின் பல் பிரஷ்ஷை எடுத்துத் தேய்ப்பார். பிளக்கு முனையில் எவ்வளவு சந்து விடுவது என்று அளக்கிற மெல்லிசுத் தகடுகளைக் கயிற்றில் கோத்துக் கழுத்திலேயே போட்டிருப்பார்.

"எனக்கு அவரு தாலி கட்டுனாரு அக்கா. அவருக்கு அந்தத் தகட்ட யாரு கட்டுனாங்கன்னுதான் தெரியல" என்பாள் காவேரி.

ஒரு தடவை கல்யாணப் பத்திரிகை வைக்க ஒருத்தர் மொபெட்டில் வந்தார். தண்ணி குடித்துவிட்டு வெளியே வந்தால் அவர் வண்டிப் பிளக்கு இவர் கையில்.

"கன்னங்கரேல்னு இருக்குதுங்க. ரொம்ப மெதுவா ஓட்டறீங்க போல."

"மொதல்ல அத மாட்டுங்க. இன்னும் பாதி ஊருக்குப் பத்திரிகை வெக்கணும்!"

"இருங்க, பெட்ரோல்ல கழுவியிருக்கேன், காயட்டும். கல்யாணம் எங்கயும் ஓடிடாது."

அப்புறம் காவேரிக்குக் கிட்னி போயிற்று. வாரத்துக்கு ரெண்டு வாட்டி தருமபுரியில் டயாலிசிஸ். ஜீப்புக்குள் மெத்தை விரித்துக் கூட்டிப் போவார், துணைக்கு நான். போகும்போது பறப்பார். திரும்பும்போது அவளுக்கு ஒரு குலுக்கலும் ஆகாது, ஊர்ந்துதான் வர வேண்டும். முதல் நாளே பாதி வழியில் ஜீப்பு இருமி இருமித் தூக்கிப் போட்டது. "ஐயோ, வலிக்குதே" என்று என் மடியில் சுருண்டாள். அவர் வண்டியை ஓரங்கட்டி ஸ்டீயரிங்கில் தலையை வைத்துக்கொண்டார்.

அடுத்த வாட்டியிலிருந்து, அவள் உள்ளே படுத்திருக்கிற நேரத்தில் ஆஸ்பத்திரி வாசலில் பானெட்டைத் திறந்து நாலு பிளக்கையும் மாற்றினார். "உள்ள ஒரு ஆஸ்பத்திரி, வெளிய ஒரு ஆஸ்பத்திரி" என்று வாட்ச்மேன் சிரித்தான்.

எனக்கும் பொறுக்கவில்லை. "ஏந் தம்பி, சீல மாத்தற மாதிரி மாத்தறியே?"

"ஏத்தத்துல வெரட்டுனா இன்ஜின் கொதிக்கும் அக்கா. அதுக்குச் சூட்ட சீக்கிரம் வுடற குளுந்த பிளக்கு வேணும். சந்தும் கம்மியா வெக்கணும், இல்லீன்னா அழுத்தத்துல பொறி அணைஞ்சிரும். ஊர்ந்து போனா அதுல கரி புடிச்சி வண்டி தூக்கிப் போடும். அதுக்கு இந்தச் சூட்டுப் பிளக்கு. கரிய அதுவே எரிச்சிக்கும், சந்தும் தாராளமா வுடலாம்."

பிறகு ஒரு குலுக்கல் கிடையாது. காவேரி தூங்கிக்கொண்டே வூடு வந்து சேருவாள்.

போன தை மாசம் ஒரு டயாலிசிஸ் நாள். குளுந்த பிளக்கு மாட்டி ஜீப்பு தயாராக நின்றது. காவேரி எழுந்திருக்கவில்லை.

"என் ஜீப்புலதான் அவ வருவா" என்று ஒத்தைக் காலில் நின்றார். பாடையை ஏற்றியாயிற்று, மேளம் அதிர்கிறது. அந்த நேரம் பார்த்துப் பானெட்டைத் தூக்கினார். காவேரியின் தம்பி பாய்ந்து வந்தான்.

"யோவ் மாமா! பொணத்த வெச்சிக்கிட்டு ஸ்பேனர் புடிக்கிறியே, நீயெல்லாம் மனுசனா?"

அவர் நிமிரவில்லை. பிளக்கு முனையில் தகட்டை நுழைத்துச் சந்து அளந்துகொண்டே சொன்னார்.

"இது ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குப் போட்ட பிளக்குடா. சுடுகாட்டுக்கு நடக்கிற வேகத்துல போவணும். தூக்கித் தூக்கிப் போடும். அவளுக்கு வலிக்கும்."

அந்தத் தம்பியே அடுத்த பிளக்கைத் துடைத்து நீட்டினான்.

பொம்பளைகள் நாங்கள் தெருமுனையோடு நின்றுவிட்டோம். அதுவரைக்கும் அவள் மேல் இருந்த பூ ஒன்றுகூட உதிரவில்லை.

அந்தப் பிளக்கை அவர் இன்னும் மாற்றவில்லை. கடைக்குப் போனாலும் அதே வேகம்தான். சைக்கிள் பையன்கள் மணி அடித்து முந்துகிறார்கள். "அந்தக் குளுந்த பிளக்கப் போடேன் தம்பி" என்றேன்.

"இனி வெரசா எங்க அக்கா போவணும்?"

நேற்று அந்த ஜீப்பில்தான் சந்தைக்குப் போனேன். நடந்திருந்தால் முன்னாடியே போயிருப்பேன். இறங்க மனசு வரவில்லை.

எழுதி முடித்தாயிற்று. பேத்தி வாசலில் நிற்கிறாள். கண்ணு, இங்க வா. ஆயா எழுதுனத ஒருக்கா படிச்சுக் காட்டு. வெரசாப் படிக்காத சாமி. அந்த ஜீப்பு போற வேகத்துல படி.