எந்த ஊரு ஃபைல்?

ஓசூர் எல்லையில் இதுவரை இருந்த சோதனைச்சாவடிகள் எல்லாம் சேர்ந்து மறித்ததைவிட அதிகமாக மறித்தவர் எங்கள் ஆபீசில் இருந்தார். இத்தனைக்கும் அவர் ஒரு லாரியைக்கூடக் கைகாட்டி நிறுத்தியதில்லை. நிறுத்தியதெல்லாம் கம்ப்யூட்டர் ஃபைல்களை. அதனால் அவருக்கு ‘செக்போஸ்ட்’ என்று பெயர். சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் இருந்திருக்கும், யாரும் பார்த்ததில்லை.

எங்களுடையது வாகன உதிரிபாகக் கம்பெனி. மாடியில் மென்பொருள் பிரிவு, நான்கு பேர். சரக்கு கிளம்பியதும் வாங்குபவரின் கம்ப்யூட்டருக்கு எங்கள் கம்ப்யூட்டர் செய்தி அனுப்பவேண்டும். அதில் எந்தத் தகவல் எந்த இடத்தில், எந்த வடிவத்தில் வரவேண்டும் என்ற விதிகளை எக்ஸ்எம்எல் ஸ்கீமா ஃபைல்களாக அவர்கள் அனுப்பிவைப்பார்கள். அவற்றை நாங்கள் புரோகிராம் எழுதும் மென்பொருளுக்குள் இம்போர்ட் செய்யவேண்டும். மற்ற இடங்களில் ஒரு நிமிட வேலை. செக்போஸ்ட் சீட்டில் இருந்தால் ஒன்றரை நாள்.

ஒவ்வொரு ஃபைலின் தலையிலும், அது எந்தக் கூட்டத்தைச் சேர்ந்தது என்று சொல்லும் ஒரு பெயர் உண்டு. நேம்ஸ்பேஸ் என்பார்கள். பார்வைக்கு இணையதள முகவரி போலிருக்கும், வெறும் பெயர்தான். செக்போஸ்ட் ஃபைலைத் திறந்ததும் ஸ்கிரீனைப் பார்த்து, “எந்த ஊரு?” என்பார். அடுத்து, “யாவ ஊரு?” பிறகு, “ஏ ஊரு?” அவருக்கு ஆபீசில் தமிழ், தெருவில் கன்னடம், வீட்டில் தெலுங்கு. மூன்றிலும் கேட்டபிறகுதான் நேம்ஸ்பேஸை எழுத்தெழுத்தாக வாய்விட்டுப் படிப்பார்.

ஸ்கீமாவில் ஒரே கூட்டத்து ஃபைலைச் சேர்க்க ‘இன்க்ளூட்’, வேறு கூட்டத்து ஃபைலைச் சேர்க்க ‘இம்போர்ட்’. இதற்கு அவருடைய விளக்கம்: “இன்க்ளூடுன்னா நம்ம ஊட்டு ஆளு, நேரா உள்ள வரலாம். இம்போர்ட்டுன்னா வெளியாளு, ஊர் பேரு சொல்லிட்டுத்தான் வரணும்.” சக ஊழியர் ஒருவர் மகளின் கல்யாணப் பத்திரிகையை நீட்டியபோது இவர் வாழ்த்தவில்லை. “மாப்ள இன்க்ளூடா, இம்போர்ட்டா?” என்றார்.

“இன்க்ளூடுதான், எங்க அக்கா பையன்.”

“அப்ப சரி,” என்று வாங்கிக்கொண்டார்.

இனி அந்த வெள்ளிக்கிழமை. என் குறிப்பேட்டின்படி ஆவணி மாதம். காலை மழை பத்தே முக்காலுக்கு விட்டது. புது வாடிக்கையாளருக்கு மூன்று மணிக்குச் சோதனைச் செய்தி போகவேண்டும். பொறுப்பு சாவித்திரியுடையது. போச்சம்பள்ளிப் பக்கத்துப் பெண். இன்னும் வேலை நிரந்தரமாகவில்லை. இது தேறினால் நிரந்தரம், தேறாவிட்டால் வீடு என்று மேனேஜர் சொல்லியிருந்தார்.

காலையில் சுத்தமாக உள்ளே போன முப்பது சொச்சம் ஃபைல்கள், சாப்பாட்டுக்குப் பிறகு மறுபடி ஏற்றியபோது ஏறவில்லை. ‘இந்தப் பெயரில் எதுவும் இல்லை’ என்றே பிழை வந்தது.

“அண்ணா, எல்லாத்தையும் அழிச்சிட்டு ஒரே தூக்கா திரும்ப ஏத்திடலாம்ணா. மணி ரெண்டாச்சு,” என்றாள் சாவித்திரி, செக்போஸ்ட்டிடம்.

“கும்பலா உட்டா எவன் திருடன்னு எப்பிடிம்மா தெரியும்? ஒவ்வொருத்தனா வரச் சொல்லு.”

படிக்க ஆரம்பித்தார். பத்தொன்பதாவது ஃபைலில் நின்றார். திரும்பி என்னைப் பார்த்தார்.

“யோவ், இதுல கை வெச்சியா?”

வைத்திருந்தேன். சாவித்திரி சாப்பிடப் போனபோது ஸ்கிரீனைப் பார்த்தேன். அந்த நேம்ஸ்பேஸில் ஓர் ஆங்கில எழுத்து குறைந்திருந்தது. அச்சுப்பிழை கண்டால் எனக்குக் கை சும்மா இருக்காது. உதவியாக இருக்கட்டுமே என்று சேர்த்துவிட்டேன். மற்ற ஃபைல்களோ அதைப் பிழையுள்ள பழைய பெயரிலேயே தேடிக்கொண்டிருந்தன.

“ஸ்பெல்லிங் தப்பு சார் அது,” என்றேன்.

“அவன் ஊரு, அவன் பேரு. தப்பா வெச்சாலும் அதான்யா பேரு. பக்கத்துல ஜூஜுவாடி ஊரு பேர போர்டுக்கு ஒரு மாதிரி எழுதி வெச்சிருக்கான். நீ போய்த் திருத்துவியா?”

நான் சேர்த்த எழுத்தை அவரே எடுத்தார். ஃபைல்கள் உள்ளே போயின. இரண்டு ஐம்பத்தெட்டுக்குச் செய்தி போனது. மூன்று ஆறுக்கு ஏற்றுக்கொண்டதாகப் பதில் வந்தது. சாவித்திரி நாற்காலியில் அப்படியே சாய்ந்தாள்.

மேனேஜர் வந்தார். “மத்தியானம் ஏதோ தகராறாமே? யார் பண்ணது? சாவித்திரியா?”

நான் வாயைத் திறந்தேன். செக்போஸ்ட் முந்திக்கொண்டார்.

“பேரு ஒண்ணு மாறிப்போச்சு சார். சரியாயிடுச்சு. பதில் வந்துச்சா இல்லியா? அந்தப் பொண்ணுக்கு லெட்டர் எப்ப தரீங்க?”

திங்கட்கிழமை கொடுத்தார்கள்.

அந்த வெள்ளிக்கிழமை மாலையே பஸ் நிறுத்தத்தில் என்னை நிற்கவைத்துத் திட்டினார். அடுத்தவன் பேரைத் திருத்த நீ யார் என்று தமிழில் ஆரம்பித்துக் கன்னடத்தில் ஏறித் தெலுங்கில் இறங்கினார். அதற்குள் அவர் முதுகுக்குப் பின்னால், அவர் வீட்டுக்குப் போகவேண்டிய அத்திப்பள்ளி பஸ்கள் இரண்டு வந்து, நின்று, போயின. இரண்டையும் பார்த்தேன். அவரிடம் சொல்லவில்லை.