நாற்காலியிலிருந்து அம்மா எழுதுவது

அன்புள்ள பெரியவனுக்கு,

அம்மா ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொள்வது. நானும் உன் மகளும் இங்கே சுகம். அங்கே நீயும் மருமகளும் அப்பாவும் சுகம்தானா என்று வழக்கப்படி கேட்கிறேன். நீ தினம் ஏழு தடவை போன் செய்வதால் பதில் எனக்கே தெரியும்.

"சொந்தப் பாட்டியக் கொண்டுபோய் கண்காட்சியில உட்கார வெச்சிருக்காளே, உடனே கிளம்பி வாம்மா" என்று நீ கத்தியது உன் மகள் காதிலும் விழுந்தது. அதனால் உள்ளதை எழுதுகிறேன். அவள் படம் வரைகிறாள் என்றுதானே நினைத்தோம்? இல்லை. வெள்ளைச் சுவர் வைத்த பெரிய கூடம், நடுவில் ஒரே ஒரு மர நாற்காலி, அதில் நான். பின்னால் பலகை: "ஐம்பத்தெட்டு வருஷம் நின்றவர். இப்போது உட்கார்ந்திருக்கிறார்." ஐந்தாவதோடு பள்ளியை விட்டு அடுப்படிக்கு வந்த நாளிலிருந்து கணக்காம். காலை பத்து முதல் மாலை ஐந்து வரை ஒரு வேலையும் செய்யக் கூடாது. அவ்வளவுதான் கலை. எனக்கே புரிந்துவிட்டது, இன்ஜினியர் உனக்கு ஏன் புரியவில்லையோ!

லேசான வேலை என்று நினைக்காதே. முதல் நாள் கையை எங்கே வைப்பதென்றே தெரியவில்லை. பார்க்க வந்த ஒரு பையன் சட்டையில் பித்தான் தொங்கியது, "இப்படி வாப்பா, யாராவது ஊசி வெச்சிருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டேன். உன் மகள் ஓடி வந்தாள். "பாட்டி, சும்மா இருக்கறதுதான் வேலை!" "அத மட்டும் எனக்கு யாரும் கத்துக்குடுக்கலயேடி" என்றேன். அதையும் எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டாள்.

இரண்டாம் நாள் உன் போன். எனக்குக் காது மந்தம், ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவேன், உனக்குத் தெரியாததா? கூடத்தில் நாற்பது பேர். "அம்மா, சர்க்கரை டப்பா எங்க?" "அடுப்புக்கு மேல் தட்டுலடா." "எந்த அடுப்பு?" கூடமே சிரித்தது. நம் வீட்டில் இருப்பது ஒரே அடுப்பு, கண்ணா. அப்புறம் உன் அப்பா போனைப் பிடுங்கி, "நான் மாத்திரை போட்டேனா?" என்கிறார். பார்வையாளர் நோட்டில் ஒருவர், "மகனாக நடிப்பவர் குரல் அபாரம், ஆனால் கொஞ்சம் மிகை" என்று எழுதியிருக்கிறார். "நடிப்பில்லீங்க, நான் பெத்தது" என்று சொல்லிப் பார்த்தேன். நம்பவில்லை.

நேற்று என் வயசுக்காரி ஒருத்தி வெகுநேரம் நின்று பார்த்தாள். "காலு வலிக்குதுங்க, நானும் கொஞ்ச நேரம் உட்காரலாமா?" என்றாள். உன் மகள் இன்னொரு நாற்காலி கொண்டுவந்து போட்டாள். நாங்கள் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். எனக்கு ஏனோ கண் நிறைந்துவிட்டது. போனில் சொன்னால் கூடமே கேட்கும் என்றுதான் எழுதுகிறேன்.

அவளைத் திட்டாதே. என் பேத்தி என்று நான் ஊரெல்லாம் சொல்லிக்கொள்கிறேன். ஞாயிறோடு எல்லாம் முடிகிறது; திங்கள் காலை ரயிலுக்கு டிக்கெட் எடுத்தாயிற்று. வந்ததும் எல்லாம் பழையபடி. நிம்மதியாக இரு.

வீட்டில் எல்லோரும் நோய்நொடியின்றி நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உட்கார்ந்தபடியே,
அம்மா

பி.கு.: கூட்டம் தாங்காமல் கண்காட்சியை இன்னும் ஒரு மாதம் நீட்டிவிட்டார்கள். டிக்கெட்டை ரத்து செய்தாயிற்று. எல்லாம் உன் போனால் வந்த புகழ் என்கிறாள் உன் மகள்; பதினோரு மணிக்குத்தான் கூட்டம் அதிகம், அப்போது கூப்பிடு. மருமகளும் தனக்கொரு நாற்காலி கேட்டிருக்கிறாள், சனிக்கிழமை வருகிறாள். அவள் போனையும் ஸ்பீக்கரில் போடச் சொல்லியிருக்கிறேன்.