ஆஸ்திரியாவில் பிறந்த துப்பாக்கியும் அடுத்த வீட்டு போல்ட்டும்

அன்பும் பொறுமையும், முக்கியமாகப் பொறுமையும், நிறைந்த மருமகள் இங்வில்லுக்கு,

உன் தாய்மாமன், இப்பள்ளத்தாக்கின் முன்னாள் வேட்டைச் சிங்கம், இந்நாள் கிழட்டு முயல், தோர்கிரிம் எழுதிக்கொள்வது. நீயும் உன் கணவரும் சோபாவைத் தின்ற உங்கள் நாயும் சுகம்தானே? நான் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். பேனா நம்ப மறுக்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். நான் வேட்டையை விட்டுவிட்டேன். உன் தாத்தாவின் கிராக் துப்பாக்கியை நீயே எடுத்துக்கொண்டு போய்விடு. போலீசுக்குக் கொடுக்க வேண்டிய பெயர்மாற்ற விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டு மேசைமேல் வைத்திருக்கிறேன். நாற்பத்தாறு இலையுதிர்காலம் எல்க் மான் பின்னால் சேற்றில் தவழ்ந்தவன் இப்படிச் சொல்கிறான் என்றால் காரணம் இருக்குமல்லவா? இருக்கிறது. காரணத்தின் பெயர் ரன்வைக்.

பழந்துப்பாக்கி ஆர்வலர் சங்கத்தின் தலைவி அவர். ஜூலையில் காப்பி குடிக்க வந்தவர் என் துப்பாக்கியைப் பார்த்ததும் கோப்பையைக் கீழே வைக்க மறந்து காற்றில் வைத்தார். நம் கொங்ஸ்பெர்க் ஆயுதச்சாலையில் செய்த கிராக் நார்வேயில் கொட்டகைக்குக் கொட்டகை கிடக்கிறது. ஆரம்பத்தில் கொஞ்சத்தை மட்டும் ஆஸ்திரியாவில் ஷ்டையர் ஊரில் செய்யச்சொல்லி வாங்கினார்கள்; என்னுடையது அதில் ஒன்று. அதே மரம், அதே இரும்பு, அதே குண்டு. எல்க் மானைக் கேட்டால் வித்தியாசம் தெரியவில்லை என்றுதான் சொல்லும். ஆனால் இந்த ஆர்வலர்கள் இருக்கிறார்களே, ஷ்டையர் முத்திரையைக் கண்டதும் புகுந்த வீட்டில் பிறந்த வீட்டுப் பலகாரத்தைப் பார்த்தவர்கள் மாதிரி உருகிவிடுகிறார்கள். ரன்வைக் பூதக்கண்ணாடியை எடுத்து ஒவ்வொரு திருகாணியாக மோந்து பார்த்தார். செப்டம்பர் கண்காட்சியில் 'வெளிநாட்டில் பிறந்த கிராக்குகள்' மேடையில் நடு இடம் எனக்கே என்றார். நான் கூரை வரை வளர்ந்தேன். அடுத்த நொடி அவர் முகம் சுருங்கியது.

"தோர்கிரிம், துப்பாக்கி எண்ணு நாற்பத்தொண்ணுல முடியுது. போல்ட்டுல நாற்பத்திரெண்டு இருக்கு. அடுத்தவன் பல்செட்டைப் போட்டுக்கிட்டுச் சிரிக்குது இது! எண்ணெல்லாம் பொருந்தினாத்தான் மேடை."

குண்டைத் தள்ளிப் பூட்டும் அந்த இரும்புத் தண்டு வேறொரு துப்பாக்கியுடையதாம். நாற்பத்திரண்டு யாரிடம் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அடுத்த வீட்டு ஓஸ்முண்டிடம். ஒரே பெட்டியில் வந்த இரண்டையும் உன் தாத்தாவும் அவன் அப்பாவும்தான் வாங்கினார்கள். ஏதோ ஒரு மழைநாளில், வேட்டைக் குடிசையில், ஒரே செய்தித்தாள்மேல் இரண்டு போல்ட்டையும் கழற்றிப் போட்டு எண்ணெய் தடவி, பேச்சு சுவாரசியத்தில் மாற்றிச் சொருகிவிட்டிருக்கிறார்கள், புத்திசாலிகள்.

ஓஸ்முண்ட் தன் பனியை என் வாசலில் தள்ளியதிலிருந்து பதினோரு வருஷமாக எங்களுக்குள் பேச்சில்லை என்பது உனக்குத் தெரியும். ஆனாலும் போனேன். கௌரவத்தைக் காலணியோடு வாசலில் கழற்றிவிட்டு, கையில் பழுப்புப் பாலாடைக்கட்டியோடு போனேன்.

"யாருப்பா செத்தது?" என்றான்.

"யாரும் சாகல. என் போல்ட்டு உன்கிட்ட இருக்கு."

விஷயத்தைக் கேட்டுவிட்டு, சுவரில் மாட்டியிருந்த அந்தப் பிரமாண்டமான கொம்பைப் பார்த்தான். "அப்போ எண்பத்தேழுல நான் இதைச் சுட்டது உன் போல்ட்டாலயா?"

"ஆமாம். இடது கொம்பு என்னுது."

"டேய், அப்போ நீ நாற்பத்தாறு வருஷமா தின்ன மானெல்லாம் பாதி என்னுது. கக்கு!"

இருவரும் சிரித்துவிட்டோம். பதினோரு வருஷத்துச் சிரிப்பு மொத்தமாக வந்ததில் அவன் வீட்டுப் பூனை ஓடியது, ஸ்வீடன் எல்லையைத் தாண்டியிருக்கும். உடனே மேசையில் செய்தித்தாளை விரித்து, இரண்டு போல்ட்டையும் கழற்றினோம். எண் பொடியாக இருந்ததால் இருவரும் கண்ணாடியைக் கழற்றிவைத்து, இரும்பை மூக்கில் உரசிப் படித்து, மூன்று கோப்பை காப்பியோடு சரியாக மாற்றினோம். அறுபது வருஷத்துப் பிழையை ஒரே மாலையில் திருத்தினோம்!

அதோடு ஒழிந்தது என் நிம்மதி. மறுநாள் காலை படிக்கட்டு ஒரு சாண் இறங்கிப்போயிருந்தது, விழுந்தேன். தலை கிறுகிறுத்தது. தபால்காரரை என் அக்கா என்று நினைத்துத் தழுவிக்கொண்டேன், அவரும் மறுக்கவில்லை. துப்பாக்கியின் சாபம் என்று அப்போதே தோன்றியது. சனிக்கிழமை வேட்டைக்காரர் தேர்வு. நூறு மீட்டரில் அட்டை மான், ஐந்து குண்டும் வட்டத்துக்குள் விழுந்தால்தான் இந்த வருஷம் காட்டுக்குள் கால் வைக்கலாம். நான் சுட்ட ஐந்தில் ஒன்று அட்டையின் வாலில், நான்கு நார்வேயின் பொது நிலத்தில். அடுத்துச் சுட்ட ஓஸ்முண்ட், பக்கத்து ஆளின் மானைச் சுட்டான்.

"பழகின போல்ட்டைப் பிரிச்சா இப்படித்தாண்டா! இதுங்க அறுபது வருஷம் குடித்தனம் நடத்தினதுங்க!" என்று அவன் கத்த, "பாதி மான் கேட்ட உன் பேராசை!" என்று நான் கத்த, சுட வந்த ஊரே வேடிக்கை பார்த்தது. அன்று மாலையே வேலி மேலாகப் போல்ட்டுகளைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டோம், முகத்தைப் பார்க்காமல். பார்த்திருந்தாலும் மங்கலாகத்தான் தெரிந்திருக்கும். ஆக, மேடையும் இல்லை, மானும் இல்லை, பதினோரு வருஷம் கழித்துக் கிடைத்த சிநேகிதனும் இல்லை. களைத்துவிட்டேன், அம்மாடி. துப்பாக்கியைக் கொண்டு போய்விடு.

உன் கூரை பனியைத் தாங்கட்டும், உன் கணவருக்குச் சமையல் வரட்டும், நாய்க்குச் சோபா செரிக்கட்டும்.

இப்படிக்கு,
உன் ஓய்ந்துபோன மாமா,
தோர்கிரிம்

பி.கு.: உறையை ஒட்டியபின் கிழித்து எழுதுகிறேன். இப்போதுதான் ஓஸ்முண்ட் வந்தான், முகம் பூசணிக்காயாக வீங்கி. "கோழிக்கூண்டுன்னு நெனச்சுத் தேனீப் பெட்டியைத் தெறந்துட்டேன்டா. இந்தக் கண்ணாடிக் காம்புக்குள்ள உன் பேரு இருக்கு!" கழற்றிப் பார்த்தேன். என் மூக்கில் இருந்ததில் அவன் பெயர். ஊரில் ஒரே கண்ணாடிக் கடை, ஒரே கறுப்பு விளிம்பு. போல்ட்டைப் படிக்கக் கழற்றி அதே செய்தித்தாளில் வைத்தோமே, அப்போது மாறியது. செவ்வாய்க்கிழமை மறுதேர்வு. விண்ணப்பத்தைக் கிழித்துவிட்டேன், துப்பாக்கிக்காக வராதே. ஆனால் ஞாயிற்றுக்கிழமை கட்டாயம் வா. போல்ட்டுகளை மூன்றாம் முறை மாற்றப்போகிறோம். மேசை நடுவில் உட்கார, கண் நன்றாகத் தெரிகிற ஓர் ஆள் வேண்டும்.