பத்தடி அறைக்குள் ஒரு தியேட்டர்

இசை தெரியாதவனை மன்னிக்கலாம். இசைப்பெட்டிகளைப் பற்றி எல்லாம் தெரியும் என்று சொல்லித் திரிகிறவனை மன்னிக்கவே கூடாது. எழுபதுகளின் கடைசியில் நான் அந்த இரண்டாவது இனம்.

கரவெட்டியில் வீடு, கந்தோரில் எழுதுவினைஞர் வேலை. கொழும்பிலிருந்து ஜப்பான் அம்பிளிபயரும் ரெக்கோட் பிளேயரும் கொண்டுவந்து வைத்துவிட்டு, ஊரார் வானொலிகளையெல்லாம் 'தகரம்' என்று இகழ்ந்துகொண்டிருந்தேன். (சுருதி எது, தாளம் எது என்று எனக்குத் தெரியாது. அது வேறு விஷயம்.) அப்போது பட்டணத்தில் ஒரு தியேட்டருக்குப் புது ஒலிபெருக்கிகள் பூட்டினார்கள். திரைக்குப் பின்னால் இருபது வருடம் முழங்கிய பழைய பெட்டிகள் இரண்டையும் கேட்டு வாங்கி லொறியில் ஏற்றிவந்தேன். ஒவ்வொன்றும் அலுமாரி உயரம். உச்சியில் ஆளின் தலை நுழையுமளவுக்குப் புனல்போல வாய் விரிந்த இரும்புக் கொம்பு. என் அறையோ பத்தடிக்குப் பத்தடி. கட்டில் வெளியே போனது. நான் விறாந்தையில் படுத்தேன்.

"உது ஐந்நூறு பேருக்குக் கேக்கிறதுக்குச் செய்தது. இஞ்சை நீ ஒராள்தானே?" என்றார் அண்ணை.

"உங்களுக்கு உது விளங்காது அண்ணை," என்றேன். (எனக்கும் விளங்கியிருக்கவில்லை.)

அந்தக் கிழமைதான் அச்சுவேலியிலிருந்து ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் தன் மகளுக்காக என்னைப் பார்க்க வந்தார். சங்கீதப் பிரியர். மாப்பிள்ளைக்கும் இசை என்றால் உயிர் என்று தரகர் மூலம் நானே சொல்லிவிட்டிருந்தேன். பெட்டிகளைச் சோதித்துப் பார்க்கக்கூட இல்லை. முதல் நாதம் அவர் காதில்தான் விழவேண்டுமாம்!

வெள்ளை வேட்டி, சால்வையோடு வந்தவரை, இரண்டு கொம்புகளுக்கும் நேரெதிரே மூன்றடி தூரத்தில் கதிரை போட்டு இருத்தினேன். கையில் தேத்தண்ணி. மங்களமாக இருக்கட்டும் என்று கலியாண மேள இசைத்தட்டை எடுத்தேன்.

"மாஸ்டர், நாதஸ்வரக்காரர் உங்களுக்கு முன்னாலை வந்து இருப்பார்."

என் பழைய சின்னப் பெட்டிகளுக்குத் திருப்புகிற வழக்கப்படியே சத்தக் குமிழைப் பாதிவரை திருப்பி, ஊசியை வைத்தேன்.

நாதஸ்வரக்காரர் முன்னால் வந்து இருக்கவில்லை. தவில்காரரையும் கூட்டிக்கொண்டு மாஸ்டரின் மடியில் விழுந்தார். கூரை ஓட்டிலிருந்து தூசி கொட்டியது. தேத்தண்ணி வேட்டியில் ஊற்றுண்டது. கொம்புக்குள் குடியிருந்த எலி ஒன்று பாய்ந்து அவர் சால்வையில் இறங்கியது. மாஸ்டரின் வாய் அசைந்தது, சொன்னது கேட்கவில்லை. பதற்றத்தில் குறைக்கப் போய்க் குமிழைக் கூட்டுகிற பக்கம் திருப்பிவிட்டேன். கெட்டிமேளம் நெல்லியடிச் சந்தை வரை போயிருக்கும். அண்ணை ஓடிவந்து பிளக்கைப் பிடுங்கினார்.

பார்த்தால் வாசல் படலையில் சனம். முன்வீட்டு மாமி சண்டைக்கே வந்துவிட்டார்.

"எங்களுக்கு ஒரு சொல்லுச் சொல்லாமல் தாலி கட்டிப் போட்டியளோ? உவர்தானே பொம்பிளையின்ரை தேப்பன்?"

"ஓம்... ஆனால் மாமி..."

அந்த 'ஓம்' போதுமாயிருந்தது. மாஸ்டர் நெல்லியடியில் பஸ் ஏறும்போதே கொண்டக்டர் கைகொடுத்து வாழ்த்தினாராம். மறுநாள் அச்சுவேலிச் சந்தையில், "மகளுக்குக் கலியாணம் முடிஞ்சுதாமே மாஸ்டர், ஏன் எங்களுக்கு ஒளிச்சனீங்கள்?" என்று நாலு பேர் குறைப்பட்டார்களாம்.

"உவனுக்குக் காதும் இல்லை, மூளையும் இல்லை," என்று வீட்டில் அவர் கொட்டித் தீர்க்க, எலிக் கட்டம் வந்ததும் மகள் சிரிக்கத் தொடங்கியிருக்கிறாள். சிரித்து ஓய்ந்தபின், "ஐயா, உப்பிடியொரு விசரனை நான் கட்டாயம் பாக்கோணும்," என்றாளாம்.

பார்த்தாள். மூன்று மாதத்தில் கட்டினோம். ஒலிபெருக்கி எதுவும் வேண்டாம் என்பது மட்டுமே மாமாவாகிவிட்ட மாஸ்டரின் நிபந்தனை. மேளக்காரரைக்கூட வேலியோரமாகத்தான் இருத்தினார்.

இன்றும் பிள்ளைகள் கலியாணக் கதை கேட்டால், என் மனைவி மிக அமைதியாகச் சொல்வாள்: "எனக்கும் உங்கடை அப்பாவுக்கும் ரெண்டு தரம் கலியாணம் நடந்தது. முதல் தரம் என்னை ஆரும் கூப்பிடேல்லை."